பழைய கார், வட்டி, நம் பிள்ளைகள்: கடனாகக் கேட்காமல் தவணையாகக் கேட்போம்

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்த செஸ் வரியும் போனது. புதிய காரின் விலை இறங்கும்போது பழைய காரின் விலை மட்டும் பழைய இடத்திலேயே நிற்க முடியாது. இரண்டு லட்சத்துக்கு ஒரு ஓடுகிற வண்டி கிடைக்கும் என்ற பேச்சு, மீமிசல், கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் என நம் கடற்கரை ஊர்களின் டீக்கடைகள் வரை வந்துவிட்டது. கூடவே இமாம்களிடம் வரும் கேள்வியும் கூடியிருக்கிறது. "பையன் காலேஜ் போறான், சின்னதா ஒரு கார் வாங்கலாம்னு இருக்கோம், லோன் போடலாமா ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரியும். வட்டி ஹராம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதம் அதே வீட்டு வாசலில் கார் நிற்கும். ஆர்சி புத்தகத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஏறியிருக்கும். 'வேண்டாம்' என்று சொன்ன நாம் 'இப்படிச் செய்' என்று எதையும் சொல்லவில்லை. அந்த 'இப்படி' என்பது சட்டத்திலும் மார்க்கத்திலும் எங்கே இருக்கிறது, எது அதைத் தடுக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்த லோன் கணக்கு. அத்தா சிறு வியாபாரி, மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். மகன் கல்லூரி முடிந்து மாலையில் செல்போன் கடையில் நின்று 5,000 கொண்டுவருகிறான். மாணவனுக்கு நிலையான வருமானம் இல்லாததால் அவன் பெயரில் வாகனக் கடன் கிடைப்பது கடினம். ஆகவே கடன் அத்தாவின் பெயரில், ஜாமீன் கையெழுத்து மாமாவுடையது. "பழைய வண்டிக்கு 12 பர்சென்ட்தான், ஃபிளாட்" என்கிறார் ஏஜென்ட். இரண்டு லட்சத்துக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 72,000. மொத்தம் 2,72,000. அதை 36 ஆல் வகுத்தால் மாதம் 7,556 ரூபாய்.

ஃபிளாட் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இரண்டு லட்சத்துக்கும் போடப்படுகிறது. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால் ஆண்டு விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. பாதி தவணை, அதாவது 18 மாதம், கட்டி முடித்தபின் கடனை அடைத்துவிடலாம் என்று போனால், கையிலிருந்து போனது 1,36,000 ரூபாய். ஆனால் இன்னும் சுமார் 1,15,600 ரூபாய் அசல் பாக்கி இருக்கும். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் இருந்தால் அது தனி.

இங்கே ஒரு நடைமுறைத் தகவல். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தவணைக் கடன் தரும் வங்கியும் பைனான்ஸ் நிறுவனமும் 'முக்கிய விவரங்கள் அறிக்கை' ஒன்றைக் கடன்தாரருக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். வட்டிக் கடனுக்கு இது ஒப்புதல் ஆகாது. ஆனால் ஏற்கெனவே கடனில் மாட்டியிருக்கும் சகோதரர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், தாங்கள் உண்மையில் எவ்வளவு கட்டுகிறோம் என்பது தெரியும். பலருக்கு அதுவே முதல் அதிர்ச்சியாக இருக்கும்.

மாமாவின் கையெழுத்தையும் சும்மா விட முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமம். கடன் கொடுத்தவர் முதலில் அத்தாவைத் துரத்திவிட்டு அப்புறம்தான் மாமாவிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சும்மா ஒரு கையெழுத்து என்று நினைத்துப் போடுகிறவர், இரண்டு லட்சம் ரூபாய் கடனையே தானும் எடுக்கிறார். குடும்பங்கள் பேசாமல் போவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

சரி, வங்கியே வட்டியில்லாத வழியைத் தந்தால் என்ன? இது புதிய கேள்வி அல்ல. ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008-லேயே வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. மார்க்க நம்பிக்கையால் வங்கியை விட்டு ஒதுங்கி நிற்கும் ஏழைகளை உள்ளே கொண்டுவரலாம் என்பது அதன் வாதம். 2015-ல் தீபக் மொஹந்தி தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைக்கெனத் தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில் ஒரு தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கான பதிலில், இந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இதை வெறுமனே அரசியல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சட்டத்திலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-வது பிரிவு, வங்கிகள் பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. நம் ஷரீஅத்தோ பணத்தைக் கொடுத்துக் கூடுதல் பணம் வாங்குவதைத் தடுத்து, பொருளை வாங்கி லாபத்துக்கு விற்பதை அனுமதிக்கிறது. சூரத்துல் பகராவின் 275-வது வசனம் வணிகத்துக்கும் ரிபாவுக்கும் இடையே போடும் கோடு அது. அதாவது இஸ்லாம் அனுமதிக்கும் செயலைத்தான் வங்கிச் சட்டம் வங்கிக்குத் தடை செய்கிறது. இந்தச் சட்டம் திருத்தப்படாதவரை எந்த வங்கி மேலாளர் மனம் வைத்தாலும் கார் வாங்கி விற்க முடியாது.

ஆனால் இந்தத் தடை வங்கிக்கு மட்டும்தான். வியாபாரிக்கும் இல்லை, தனிமனிதருக்கும் இல்லை. நம் ஆட்கள் அதிகம் கவனிக்காத இடம் இது.

கேரளத்தில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பங்கோடு அல் பரகா என்ற வட்டியில்லா நிதி நிறுவனம் திட்டமிடப்பட்டபோது, சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிறகு சேரமான் பைனான்சியல் சர்வீசஸ் என்ற பெயரில், வங்கி சாரா நிதி நிறுவனமாக, 2013-ல் அது தொடங்கப்பட்டது. கடல் தாண்டி இலங்கையைப் பார்த்தால், 2005-ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இஸ்லாமிய வங்கிச் சேவைக்கு இடம் கொடுத்தார்கள். அமானா வங்கி 2011-ல் முழு வணிக வங்கியாக இயங்கத் தொடங்கியது. நம்மைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம்கள் அங்கே இஜாரா முறையில் வாகனம் எடுப்பது ஒரு சாதாரணச் செய்தி. கோட்டைப்பட்டினம் கரையிலிருந்து பார்த்தால் அந்த நாடு டெல்லியைவிட நமக்குப் பக்கம்.

தமிழ்நாட்டில் அரசு வழியாக டாம்கோ எனும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் தொழிலுக்கும் கல்விக்கும் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. பைனான்ஸ் கம்பெனியின் 21 எங்கே, அதன் ஒற்றை இலக்கம் எங்கே என்று சிலர் கேட்பது நியாயம்தான். ஆனாலும் அதுவும் வட்டிதான், மாணவன் கல்லூரிக்கு ஓட்டிப் போகும் சொந்தக் காருக்கான திட்டமும் அல்ல. நிர்ப்பந்தச் சூழலில் அதை எடுப்பது பற்றிய தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன்.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாமா? ஷாஃபிஈ, ஹனஃபி உட்பட நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் கூடும் என்கிறார்கள். ஓஐசி அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990 மார்ச்சில் ஜித்தாவில் நடந்த தன் ஆறாவது அமர்வில் இதையே தீர்மானமாக எழுதியது. தவணைக்காக விலையைக் கூட்டலாம். ஆனால் விலை இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பிரித்துக் காட்டக்கூடாது. வாங்குபவர் தவணை தவறினால் கூடுதல் பணம் கேட்கக்கூடாது. விற்றபிறகு பொருளின் உரிமையை விற்றவர் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பாக்கிக்கு ஈடாக அதே பொருளை அடமானமாக எழுதிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், ஆர்டிஓ அலுவலகத்தில் அது தேவைப்படும். தவணைக்குக் கூடுதல் விலை என்பதையே ஏற்காத ஆலிம்களும் தமிழகத்தில் உண்டு. அவர்கள் வழி நிற்பவர்களுக்குக் கர்ழ் ஹஸன் ஒன்றுதான் வாசல். அதற்கும் வருகிறேன்.

விற்பவர் முதலில் அந்தப் பொருளுக்கு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனை. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. கையெழுத்துக்கும் சாவிக்கும் இடையில் வண்டி தீப்பிடித்தால் நஷ்டம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். 'உங்களுடையது' என்று நிதி கொடுப்பவர் சொன்னால், அவர் விற்றது காரை அல்ல, பணத்தை. 'ஹலால் பைனான்ஸ்', 'வட்டியில்லா தவணை' என்று எத்தனை பச்சை நிறப் பலகை வைத்தாலும் அது மாறாது. பலகையை நம்பி நாம் பட்டது கொஞ்சமா? 2019 ஜூனில் பெங்களூரில் ஐஎம்ஏ நிறுவனம் கவிழ்ந்தபோது, 'ஹலால் முதலீடு' என்ற சொல்லை நம்பி நகையை விற்றுப் பணம் போட்ட பல்லாயிரம் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அதில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர்.

அப்படியானால் உண்மையான உரிமையாளர் யார்? பழைய கார் வியாபாரிதான். அவர் வண்டியைத் தன் பணத்தில் வாங்கி நிறுத்தியிருக்கிறார். மதிப்புக் குறைந்தால் நஷ்டம் அவருக்கு. அவரே இரண்டு லட்சத்துக்கு வாங்கியதை 2,30,000 என்று ஒரே விலை பேசி, மாதம் 6,389 வீதம் 36 தவணையில் விற்றால், அது சுத்தமான வியாபாரம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பரில் கொண்டுவந்த விதிகள் இதற்கு எதிர்பாராத உதவி. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகன வியாபாரி ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருந்தால், வண்டியை விற்பவர் படிவம் 29C மூலம் ஒப்படைப்பைத் தெரிவித்ததும் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆர்சியைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டிய இரட்டை வேலை இல்லை. பிரிட்டனில் இஸ்லாமிய வீட்டுக் கடனுக்கு இருமுறை முத்திரைத் தீர்வை விழுவதை நீக்க 2003-ல் நாடாளுமன்றமே சட்டம் திருத்த வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிக்கல், பழைய வண்டிகளைப் பொறுத்தவரை, வேறு காரணத்துக்காக வந்த ஒரு விதியால் தானாகவே தீர்ந்திருக்கிறது.

ஆனால் வேறொரு சிக்கல் முளைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பதிவு பெற்ற வியாபாரி பழைய கார் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு 18 சதவீத வரி என்று ஒரே சீராக்கியது. கடனுக்கு வாங்கும் வட்டிக்கோ ஜிஎஸ்டி கிடையாது. யோசித்துப் பாருங்கள். பைனான்ஸ் கம்பெனி 72,000 வட்டி வாங்கினால் அதன்மேல் ஒரு பைசா ஜிஎஸ்டி இல்லை. வியாபாரி வட்டி வேண்டாம் என்று 30,000 லாபம் வைத்துத் தவணைக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி. ஹலாலாக விற்கிறவருக்கு அபராதம் போட்டதுபோல் ஆகிறது. நோக்கம் அதுவாக இல்லாவிட்டாலும் விளைவு அதுதான். சமுதாய அமைப்புகள் நிதியமைச்சகத்துக்கு மனு எழுதுவதென்றால் 'இஸ்லாமிய வங்கி வேண்டும்' என்ற பெரிய கோரிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, தவணை விற்பனையின் காலத்துக்கான லாபத்தை வட்டியைப் போலவே நடத்துங்கள் என்ற இந்தச் சிறிய கோரிக்கையை எழுதலாம். இதில் மதமே இல்லை. எல்லாச் சமுதாயத்துச் சிறு வியாபாரிக்கும் பயன்.

வியாபாரி ஏன் தவணைக்குத் தயங்குகிறார்? அவருடைய முதல் மூன்று ஆண்டு முடங்கும். பையன் கட்டாவிட்டால் யாரிடம் போவார்? முஹல்லா ஜமாஅத் உள்ளே வர வேண்டிய இடம் இதுதான். பழைய வாகனத்துக்குக் கடன் கொடுக்கும் தொழில் தமிழ்நாட்டில் வளர்ந்ததே ஆளைத் தெரிந்துகொண்டு கொடுத்ததால்தான். 1979-ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ், வங்கிகள் திரும்பிப் பார்க்காத பழைய லாரிக்காரர்களுக்குக் கொடுத்தே பெரிதானது. சம்பளச் சீட்டு இல்லாதவரின் குணத்தை விசாரித்து அறிவதற்கு அவர்கள் ஊர் ஊராக ஆள் வைத்தார்கள். யார் வாங்கினால் திருப்பிக் கொடுப்பார் என்பதை நம் ஜமாஅத் நிர்வாகிகள் ஐந்து வேளையும் ஒரே ஸஃப்பில் நின்று அறிந்தவர்கள்.

பல ஊர்களில் பைத்துல்மால்கள் ஏற்கெனவே நகையை அமானிதமாகப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாக் கடன் தருகின்றன. மருத்துவத்துக்கும் கல்விக் கட்டணத்துக்கும் அது பெரிய உதவி. ஆனால் நகை இல்லாத வீட்டுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. நகை இருக்கும் வீட்டிலும் அது பெரும்பாலும் அம்மாவின் மஹர் நகை. பையனின் காருக்காக அதைக் கழற்றச் சொல்லும் முன் அவரைத் தனியாக ஒரு முறை கேட்கிறோமா? மஹர் அவருடைய சொத்து. கணவருக்கே அதில் உரிமை இல்லை எனும்போது மகனுக்கு எங்கிருந்து வந்தது?

பைத்துல்மால் ஒரு படி மேலே போய், கடனாகக் கொடுப்பதற்குப் பதில் வண்டியையே வாங்கித் தவணைக்கு விற்கலாம், அல்லது வியாபாரியின் தவணைக்குப் பின்னால் நிற்கலாம். இங்கே மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. திருப்பித் தருவதாகச் சொல்லியோ லாபம் தருவதாகச் சொல்லியோ பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டினால், 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம் பாயும். நிர்வாகி சிறைக்குப் போகக்கூடிய விஷயம் இது. நன்கொடையாக, ஸதகாவாக வந்த பணத்தைச் சுழல்நிதியாக வைப்பதுதான் பாதுகாப்பு. ஜகாத் பணத்தை இதில் போடலாமா என்பது வேறு கேள்வி. ஏழையின் பிழைப்புக்கான ஆட்டோ என்றால் பேச இடமுண்டு. கல்லூரி போகும் கார் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, ரொக்கம். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது. திருப்பிக் கொடுப்பதும் வங்கி வழியாகத்தான் இருக்க வேண்டும். மீறினால் அபராதம் கடன் தொகை அளவுக்கே வரலாம். சவூதியிலிருந்து வந்த மச்சான் கையில் கொடுத்த கர்ழ் ஹஸனுக்கும் இது பொருந்தும். அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது என்று வரி அதிகாரியிடம் சொல்ல முடியாது. பகராவின் 282-வது வசனம் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். நம்மில் எத்தனை பேர் சொந்தத் தம்பிக்குக் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறோம்?

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. 'பணம் முழுவதும் கட்டும்வரை ஆர்சி பழைய பெயரிலேயே இருக்கட்டும், அதுதான் நமக்குப் பிடிமானம்' என்று சொல்லும் வழக்கம். 2018 பிப்ரவரி 6 அன்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கார் பல கைகள் மாறி விற்கப்பட்டிருந்தது. ஆர்சியில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. 2009-ல் விபத்து நடந்தது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் என்று தீர்ப்பானது. வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்த மனிதர் தான் ஓட்டாத காருக்குப் பொறுப்பாளியானார். ஜமாஅத் தலைவர் பெயரில் ஆர்சி இருந்து, இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பையன் யார்மீதாவது மோதினால், நீதிமன்றம் தேடுவது தலைவரைத்தான்.

ஆகவே விற்றவுடன் படிவம் 29, 30 கொடுத்துப் பெயரை மாற்றிவிட வேண்டும். அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் புதிய பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பாக்கித் தொகைக்கு ஈடாக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-வது பிரிவின் கீழ் படிவம் 34 கொடுத்து, விற்றவரின் பெயரை அடமானதாரராக ஆர்சியில் ஏற்றலாம். அப்படி ஏற்றினால் வண்டியை வைத்திருப்பவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். விபத்துப் பொறுப்பு விற்றவர் தலையில் விழாது, விற்றவரின் சம்மதம் இல்லாமல் வண்டியை வேறொருவருக்குப் பெயர் மாற்றவும் முடியாது. ஜித்தா தீர்மானம் சொன்ன 'உரிமை வாங்கியவருக்கு, அடமானம் விற்றவருக்கு' என்பதும் இதுவும் ஒன்றேதான். பைனான்ஸ் கம்பெனியாக இல்லாத ஒரு டிரஸ்ட்டின் பெயரை அப்படி ஏற்றுவதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தவணை தவறினால்? அபராதம் போட முடியாது. கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 2:280. கையில் வைத்துக்கொண்டே இழுத்தடிப்பவரை என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வண்டியை விற்று, பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அவரிடமே கொடுத்துவிடலாம். கட்டிய பணம் எல்லாம் போச்சு, வண்டியும் போச்சு என்ற பைனான்ஸ் வழக்கம் இங்கே வரக்கூடாது. முன்கூட்டியே முழுவதும் கட்டுபவருக்கு விற்றவர் மனமுவந்து குறைக்கலாம். முதலிலேயே ஒப்பந்தமாகப் பேசி வைக்காதவரை அதில் தடையில்லை என்று அதே அகாடமி 1992-ல் தீர்மானித்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கேட்க மறந்த முதல் கேள்விக்கு வருகிறேன். பையனுக்குக் கார் வேண்டுமா?

வட்டியே இல்லாமல் மாதம் 6,389 ரூபாய் தவணை என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை ஊரிலிருந்து அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ போய் வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்று மிகக் குறைவாக வைத்தாலே, மாதம் 24 நாளில் 960 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 60 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 6,000. தவணையோடு சேர்த்தால் 12,400 ரூபாய். டயர், பேட்டரி, சர்வீஸ் எதுவும் இதில் இல்லை. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியமே ஆண்டுக்கு 2,094 ரூபாய், ஜிஎஸ்டி தனி. குடும்பத்தின் மொத்த வருமானம் 23,000 என்று முன்பு வைத்தோம். பாதிக்கு மேல் காருக்கே போகிறது. ஹலாலான வழியில் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி மலிவாகக் கிடைக்கும், அதன் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

'லீவு நாளில் சவாரி ஓட்டித் தவணையைக் கட்டிவிடுவான்' என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதத்தோடு போகலாம். விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். உண்மையிலேயே அந்த எண்ணம் இருந்தால் மஞ்சள் பலகை வண்டியாக, பெர்மிட்டோடு, பிழைப்புக்கான வாகனமாகவே வாங்குங்கள். அப்போது ஜமாஅத்திடம் போய்க் கேட்கும் குரலுக்கும் பலம் இருக்கும்.

அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் பையனுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அதே தொகை. பஸ் நேரம் ஒத்துவரவில்லை, மாலை வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஒரு பழைய ஸ்கூட்டர் போதும். அந்தத் தொகை அநேகமாக ஒரு பைத்துல்மாலின் கர்ழ் ஹஸன் வரம்புக்குள்ளேயே வந்துவிடும். லாபக் கணக்கும் வேண்டாம், ஜிஎஸ்டியும் வேண்டாம். தவணைக்குக் கூடுதல் விலையை ஏற்காத சகோதரருக்கும் மனக்குறை இருக்காது. பதினெட்டு வயதும் லைசென்ஸும் ஆகும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடைக்காது.

கார்தான் வேண்டும் என்ற நிலையும் சில வீடுகளில் இருக்கிறது. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டிய அத்தா, நடக்க முடியாத தங்கை, ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் இந்த மாணவன். அப்படிப்பட்ட வீடு ஊருக்கு நான்கோ ஐந்தோ இருந்தாலே அதிகம். அந்த நான்கைந்து வீட்டிலிருந்து தொடங்கலாம். ஊரில் நம்பிக்கையான, ஆர்டிஓ அங்கீகாரம் பெற்ற ஒரு பழைய கார் வியாபாரி, பைத்துல்மாலின் ஒரு சுழல்நிதி, ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு விலை, படிவம் 34. கடைசித் தவணை கட்டிய அன்று படிவம் 35-இல் ஜமாஅத் செயலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஆர்சியிலிருந்து அடமானப் பெயர் நீங்கிவிடும்.